சொந்தப் பட்டறையும் சொந்தக் கணக்கும்

கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குச் செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் நாச்சியார்கோயில் என்னும் ஊர் இருக்கிறது. கல்கருட சேவையால் பக்தர்களுக்கும், குத்துவிளக்கால் இல்லறத்தாருக்கும் அவ்வூரின் பெயர் தெரியும். காவிரியின் கிளையாறுகள் கொண்டு வந்து சேர்க்கும் நுண்ணிய வண்டல் மண் உலோக வார்ப்புக்கு மிகவும் ஏற்றது என்பதே அத்தொழில் அங்கு வேரூன்றியதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவ்வூரிலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பல ஊர்களிலும் சொந்தப் பட்டறை வைத்துத் தாமே முதலாளியாகவும் தாமே தொழிலாளியாகவும் வாழ்க்கை நடத்தும் குடும்பங்கள் உள்ளன. எவர்சில்வர் பாத்திரம் வீடுதோறும் புகுந்தபின் பித்தளைப் பாத்திரத் தொழில் மெலிந்தது. ஆயினும் விளக்குக்கு மாற்று இல்லையாதலால் விளக்குப் பட்டறை நிலைத்து நிற்கிறது.

இத்தகைய பட்டறைக்காரர் கைத்திறமையிற் குறைந்தவரல்லர். அப்படியிருந்தும் ஒருவர் வளர்வதும், அதே தெருவில் அதே வேலையைச் செய்யும் மற்றொருவர் கடனாளியாவதும் ஏன்? விற்பனைக் குறைவு ஒரு காரணமாகலாம். ஆனால் பெரும்பாலும் வேறொரு காரணம் மறைந்து நிற்கிறது. அது கணக்கு எழுதாமையே. விளக்குப் பட்டறையை உதாரணமாக வைத்து இவ்விஷயம் இங்கே விளக்கப்படுகிறது. தறி வைத்திருப்பவர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், தையற்கடை, சிற்றுண்டிக்கடை நடத்துபவர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும்.

பட்டறையின் ஒரு நாள்

குத்துவிளக்கு ஒரே வார்ப்பில் உண்டாவதன்று. பாதம், தண்டு, அகல், உச்சியில் நிற்கும் அன்னம் ஆகியவை தனித்தனியே மண் அச்சில் வார்க்கப்பட்டு, கடைசல் பிடிக்கப்பட்டு, மரை போட்டுத் திருகி இணைக்கப்படுகின்றன. பத்தர் விடியுமுன் எழுந்து மண்ணைப் பதமாக்கி அச்சு அழுத்துகிறார். பிறகு மூசையில் உலோகத்தை உருக்கி வார்க்கிறார். அச்சை உடைத்து எடுத்த உருப்படிகளை அரத்தால் ராவி, கடைசலுக்கு விட்டு, மெருகேற்றுகிறார். மாலையில் கும்பகோணத்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டு செல்கிறார், அல்லது பழைய பாக்கி கேட்கச் செல்கிறார். இரவு வீடு திரும்பும்போது கையிலிருக்கும் ரொக்கத்தில் அரிசிக்கும் கரிக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் கூலியாளின் சம்பளத்துக்கும் ஒரே பையிலிருந்து பணம் எடுக்கிறார். அன்றைய தினம் லாபமா நஷ்டமா என்று கேட்டால், “கையில் இருந்தது, செலவாயிற்று” என்பதற்கு மேல் அவராற் சொல்ல முடிவதில்லை.

வருஷம் முழுவதும் ஒரே சீராகவும் வியாபாரம் நடப்பதில்லை. தை மாதத்திலும் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களிலும் விளக்குக்குக் கிராக்கி ஏற்படும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கார்த்திகைத் தீபத்துக்கு விளக்கு வேண்டியிருக்கும்போதோ ஐப்பசி மழையில் மண் உலராமல் வேலை தடைப்படும். ஆகவே நல்ல மாதத்தில் வந்த பணம் மந்தமான மாதத்துக்கும் உரியது என்பதை மறந்தால், ஆடியில் வாங்கும் கடனை அடைப்பதற்கே ஆவணி விற்பனை போய்விடும்.

உலோகம் யாருடையது?

பட்டறை நடத்துவதில் இரண்டு வழிகள் உண்டு. தாமே பழம்பித்தளையோ தாமிரமும் துத்தநாகமுமோ வாங்கி, விளக்காக்கி, தாமே விற்பது ஒரு வழி. வியாபாரி நிறுத்துக் கொடுக்கும் உலோகத்தை விளக்காக்கித் திருப்பிக் கொடுத்து, எடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவது மற்றொரு வழி. கூலிக்கு வார்ப்பது எவ்விதத்திலும் இழிவன்று. உலோகத்தின் விலை தாமிரத்தின் உலக விலையைப் பின்பற்றி ஏறியும் இறங்கியும் வருவதால், அந்த அபாயத்தை வியாபாரியிடம் விட்டுவிடுவது சிலருக்கு நன்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருவர் யோசித்துத் தெரிந்துகொண்ட வழியாக அது இருக்கவேண்டும். சொந்த உலோகத்தில் தொழில் தொடங்கியவர், கடன் மிகுந்து, மூலதனம் கரைந்து, வேறு வழியின்றிக் கூலிக்கு வருவாராயின், பட்டறை அவருடையதாயிருந்தும் தொழில் அவருடையதன்று. மூலதனம் எந்த வழியாகக் கரைந்தது என்று அவருக்கே தெரியாமற்போவதுதான் இதில் வருந்தத்தக்கது.

அது கரையும் வழியைப் பின்வரும் கணக்கு காட்டும். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்காகக் கொள்ளப்பட்டவையே. அவரவர் தத்தம் பட்டறைத் தொகைகளை அவற்றினிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு

ஒருவர் கிலோ 500 ரூபாய் வீதம் 100 கிலோ பழம்பித்தளை வாங்குகிறார், 50,000 ரூபாய். கரி, மின்சாரம் முதலியவற்றுக்கு 6,000 ரூபாய். கூலியாட்களுக்கு 12,000 ரூபாய். வாடகையும் வண்டிச் சத்தமும் 2,000 ரூபாய். ஆக 70,000 ரூபாய். நூறு கிலோவுக்கு எழுபதினாயிரமானால் கிலோ 700 ரூபாய் அடக்கம் என்று மனக்கணக்குப் போடுகிறார். கிலோ 800 ரூபாய்க்கு விற்றால் நூறு ரூபாய் லாபம் என்று மகிழ்ந்து விற்றுவிடுகிறார்.

இக்கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, சேதாரத்தை மறந்தது. தாமிரம் உருகுவதற்கு 1,085 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே பித்தளையை உருக்கும் ஒவ்வொரு முறையும் துத்தநாகத்தில் ஒரு பங்கு வெண்புகையாகப் போய்விடுகிறது. கசடிலும் சிறிது போகிறது. அரத்தூளையும் கடைசற் சீவலையும் பொறுக்கி மீண்டும் உருக்கினாலும் முழு எடை திரும்பாது. நூற்றுக்கு 5 கிலோ சேதாரம் என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 95 கிலோ விளக்கே. (அவ்வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவு குளிரும் ஜுரமும் காணக்கூடுமாதலால், உருக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்கவேண்டும் என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது.)

இரண்டாவது பிழை, தம் உழைப்பைக் கணக்கிற் சேர்க்காதது. கூலியாளுக்குச் சம்பளம் எழுதுகிறவர் தமக்கு எழுதுவதில்லை. இவ்வளவு சரக்குக்கும் அவர் 20 நாள் உழைத்திருந்தால், நாளொன்றுக்கு 800 ரூபாய் வீதம் 16,000 ரூபாய் அவருக்குச் சேரவேண்டும். அதையும் கூட்டினால் மொத்த அடக்கம் 86,000 ரூபாய். அதை 95 கிலோவால் வகுத்தால் கிலோ ஒன்றுக்குச் சுமார் 905 ரூபாய் ஆகிறது. எண்ணூறு ரூபாய்க்கு விற்றவர் ஒவ்வொரு கிலோவுக்கும் 105 ரூபாய் இழந்திருக்கிறார்!

வேறு விதமாகவும் பார்க்கலாம். 95 கிலோவை 800 ரூபாய் வீதம் விற்றால் வரவு 76,000 ரூபாய். ரொக்கச் செலவு 70,000 போக மீதி 6,000 ரூபாய். இருபது நாளைக்கு ஆறாயிரம் என்றால் நாளொன்றுக்கு 300 ரூபாய். தம்மிடம் வேலை செய்யும் கூலியாளைவிட முதலாளி குறைவாகச் சம்பாதிக்கிறார்.

இனி வட்டியைச் சேர்க்கவேண்டும். உலோகம் வாங்கிய 50,000 ரூபாயும் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் என்று கொள்வோம். மாதம் 1,500 ரூபாய் வட்டி. சரக்கை எடுத்துக்கொண்ட கடைக்காரர் மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுத்தால் வட்டி 4,500 ரூபாய். மிஞ்சுவது 1,500 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 75 ரூபாய். அதே தொகையை வருஷத்துக்கு 12 சதவீத வட்டியில் வாங்கியிருந்தால் மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாயே வட்டியாகும். 4,500 ரூபாய் குடும்பத்துக்கு நிற்கும். விலை மலிவாக விற்றது, வட்டி அதிகம் கொடுத்தது, பாக்கியைத் தாமதமாக வசூலித்தது ஆகிய மூன்றும் சேர்ந்தே மூலதனத்தைத் தின்றுவிடுகின்றன. இம்மூன்றில் எதையும் எழுத்திற் காணாதவர் திருத்த முடியாது.

எழுதவேண்டிய மூன்று ஏடுகள்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூன்று நோட்டுப் புத்தகங்கள் போதும். முதலாவது நாள்வழி. அன்றன்று வந்த ரொக்கமும் போன ரொக்கமும் அதில் எழுதப்படவேண்டும். செல்போன் மூலம் வரும் பணத்தையும் அன்றே இதிற் பதியவேண்டும். இரண்டாவது உலோக ஏடு. வாங்கிய எடை, உருக்கிய எடை, விளக்காக நின்ற எடை, சீவலாகத் திரும்பிய எடை ஆகிய நான்கையும் ஒவ்வொரு வார்ப்புக்கும் குறித்துவந்தால், தம் பட்டறையின் உண்மையான சேதாரம் சில மாதங்களில் விளங்கிவிடும். மூன்றாவது பற்றேடு. யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு சரக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது, எப்போது பணம் வந்தது என்பதற்கு அது உரியது. சரக்கு கொடுக்கும்போது பில் எழுதி, நகலில் வாங்குபவரின் கையெழுத்தைப் பெறவேண்டும்.

வீட்டுப் பணமும் பட்டறைப் பணமும் ஒரே பெட்டியில் இருக்கலாகாது. பட்டறைக்காரர் வாரந்தோறும் தமக்கென ஒரு சம்பளம் எடுத்து வீட்டிற் கொடுத்துவிடவேண்டும். அதற்கு மேல் வீட்டுக்கு எடுத்தால் அதைப் பற்றாக எழுதவேண்டும். பல குடும்பங்களில் மனைவியோ பள்ளிக்கூடம் முடித்த மகளோ இக்கணக்கை நன்றாக எழுதக்கூடியவர்களாக இருக்கிறார்கள். மெருகிடுவதிலும் மூட்டை கட்டுவதிலும் அவர்கள் செய்யும் வேலையும் உழைப்பேயாதலால், அதற்கும் ஒரு கூலி எழுதுவதே நியாயமான கணக்காகும்.

கணக்கு இருப்பவருக்குக் கிடைக்கும் உதவிகள்

சிறு தொழில் செய்வோருக்கு இன்று பல உதவிகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எழுத்துக் கணக்கு உள்ளவருக்கே எளிதிற் பயன்படும்.

பதிவு: 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து ‘உத்யம்’ என்னும் பதிவு முறை நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்திற் செய்துகொள்ளும் இப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகர்களை நம்பவேண்டுவதில்லை. வழி தெரியாதவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

கடன்: மத்திய சர்க்காரின் முத்ரா திட்டம் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது. அதில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ என்றும், 5 லட்சம் வரை ‘கிஷோர்’ என்றும், 10 லட்சம் வரை ‘தருண்’ என்றும் பிரித்து, சொத்து ஈடு கேளாமல் வங்கிகள் கடன் கொடுக்கின்றன. தருண் கடனை ஒழுங்காகத் திருப்பியவருக்கு 20 லட்சம் வரை கடன் கொடுக்க 2024-இல் ஏற்பாடு செய்யப்பட்டது. ஈடு கேளாத வங்கி வேறெதைப் பார்க்கும்? வரவு செலவையும் கொள்முதல் பில்லையும் வங்கிக் கணக்கில் நடந்த நடமாட்டத்தையுமே பார்க்கும். இவையன்றிக் கும்பகோணம் மத்திய கூட்டுறவு வங்கியும், கைத்தொழில்களுக்கென ஏற்பட்ட தாய்கோ வங்கியும், கிராமக் கடன் சங்கங்களும் உள்ளன. அவசரத்துக்கு நகையை வட்டிக்கடைக்குக் கொண்டுபோகுமுன், சங்கத்தின் நகைக்கடன் வட்டியைக் கேட்டறிவது நன்று.

தாமதப் பாக்கி: இது பலர் அறியாத உதவி. 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் அபிவிருத்திச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையானால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாட்களுக்கு மேற்படக்கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் வட்டிக்கு வட்டி சேர்த்துக் கொடுக்கவேண்டும். அதற்கென அமைந்த வசதி மன்றத்தில் மனுச் செய்துகொள்ளலாம். நெடுநாள் வாடிக்கைக்காரர்மேல் மனுச் செய்யப் பலர் தயங்குவர், அது இயற்கையே. ஆனால் சட்டம் இப்படியிருக்கிறது என்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருப்பதே பல பாக்கிகளை நாளில் வசூலாகச் செய்யும். மனுச் செய்வதானால் பில்லும் கையெழுத்தும் இல்லாமல் பயனில்லை.

வரி: சரக்கு விற்பவரின் வருஷாந்தர விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்து, விற்பனை தமிழ்நாட்டுக்குள்ளேயே நடந்தால், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று. வெளி மாநிலத்துக்கு அனுப்புவோர் அதற்குரிய விதிகளை முன்னதாக விசாரித்துக்கொள்ளவேண்டும். எல்லைக்குள் இருக்கிறோமா என்பதை நாள்வழியே சொல்லும்.

பெயர்: நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலை வெண்கலச் சிலை, திருபுவனம் பட்டு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. கும்பகோணம் வெற்றிலைக்கும் 2025-இல் அது கிடைத்தது. ஊருக்குக் குறியீடு கிடைத்ததனால் ஒவ்வொரு பட்டறைக்கும் தானாகவே உரிமை வந்துவிடுவதில்லை. அக்குறியீட்டைப் பயன்படுத்தவேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தனித்தனியே பதிந்துகொள்ளவேண்டும். மேலும், 1973-இல் ஏற்பட்ட தமிழ்நாட்டுக் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் என்னும் பெயரில் நடத்தும் விற்பனை நிலையங்களும் கைவினைப் பொருள்களுக்கு ஒரு சந்தையாக இருக்கின்றன.

பாதுகாப்பு: நெருப்போடும் இயந்திரத்தோடும் வேலை செய்பவருக்கு விபத்து எப்போதும் அருகிலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் வருஷத்துக்கு 20 ரூபாய் செலுத்தி, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் பெறும் திட்டம் இருக்கிறது. ஒரு வேளைக் காப்பிச் செலவில் கிடைக்கும் இப்பாதுகாப்பைப் பெறாமலிருப்பது விவேகமாகாது.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கூறியவை தனி மனிதருக்குரியவை. தனி மனிதராற் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. பத்துக் கிலோ வாங்குபவருக்கு ஒரு விலையும், ஆயிரம் கிலோ வாங்குபவருக்கு வேறு விலையும் உலோகச் சந்தையில் உண்டு. இவ்வித்தியாசத்தைச் சிறியவர்கள் பெறுவதற்கு ஒன்றுசேர்ந்து வாங்குவதே வழி.

இந்நாட்டில் கூட்டுறவு தோன்றிய வரலாறு இதை விளக்கும். விவசாயிகளின் கடன் சுமையை ஆராய்ந்து சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் சென்னை சர்க்காருக்கு 1895-லும் 1897-லும் அறிக்கைகள் கொடுத்தார். 1904-இல் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூர் கிராமத்தில் முதல் சங்கம் பதிவாயிற்று. அதே 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி கும்பகோணத்தில் ‘கும்பகோணம் பாங்கு’ என்னும் கம்பெனி நிறுவப்பட்டது. அதுவே இன்றைய சிட்டி யூனியன் வங்கி. பங்கு போட வசதியுள்ளவர்கள் சேர்ந்து கம்பெனி அமைத்தார்கள். சொத்தில்லாதவர்கள் ஒருவர்க்கொருவர் ஜாமீனாக நின்று சங்கம் அமைத்தார்கள். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை ஆகியவற்றுக்கும் சங்கம் அமைக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது.

அதன் பயனைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையிலுள்ள திருபுவனத்தில் 1955-இல் ஏற்பட்ட பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பட்டும் ஜரிகையும் அங்கத்தினர்களுக்குக் கொடுத்து, நெய்த சேலையைப் பெற்றுத் தன் கடைகளில் விற்று வருகிறது. மூலப்பொருளுக்காகக் கடன்படவேண்டிய நிலை அங்கத்தினருக்கு அதனால் நீங்குகிறது. ஆயினும் சங்கம் என்பது பலகையும் ரசீதுப் புத்தகமும் மட்டுமன்று. சங்கத்தில் உலோகம் வாங்கிக்கொண்டு சரக்கை இரகசியமாக வெளியில் விற்கும் அங்கத்தினரும், இருப்பை நிறுத்துப் பாராத நிர்வாகக் குழுவும் சேர்ந்தால் எந்தச் சங்கமும் நில்லாது. தன் பட்டறையில் எடை எழுதிப் பழகியவரே சங்கத்தின் எடையையும் கேட்கத் துணிவார்.

கும்பகோணத்தில் 2016-ஆம் ஆண்டு மகாமகம் நடந்தது. அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. யாத்திரிகர் பெருங்கூட்டமாக வருவார்களென்று எண்ணி, கடன் வாங்கிச் சரக்கைக் குவிக்கப் பலருக்கு ஆசை பிறக்கும். எவ்வளவு செய்யலாம், எந்த விலைக்கு விற்றால் கட்டும், எந்த வட்டி தாங்கும் என்பவற்றை அப்போது அறிந்திருப்பவர் யாரெனில், அதற்கு முன்பே ஓரிரண்டு வருஷக் கணக்கைக் கையில் வைத்திருப்பவரே.

ஆகவே அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை நல்ல நாள் பார்த்துத் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. இன்று மாலை பட்டறையில் எஞ்சியிருக்கும் உலோகத்தையும் முடிந்த விளக்குகளையும் தராசிலிட்டு, இரண்டு எடைகளையும் ஒரு நோட்டின் முதற் பக்கத்தில் தேதியோடு எழுதினால் அதுவே தொடக்கம். கடன் கேட்கும் நாளிலும், பாக்கி கேட்கும் நாளிலும், கூலிக்கு வார்ப்பதா சொந்தமாக வார்ப்பதா என்று தீர்மானிக்கும் நாளிலும் அந்நோட்டே பட்டறைக்காரருக்குத் துணையாக நிற்கும்.